அடிதடி, திருட்டு வழக்கில் உங்கள் பெயர் வந்துவிட்டால்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு முழு வழிகாட்டி

கோயில் திருவிழாவில் கைகலப்பு, வரப்புத் தகராறு, பைக் உரசியதில் தொடங்கிய வாய்ச்சண்டை, வேலை பார்த்த கடையில் பணம் குறைந்தது என்று கிளம்பிய புகார். கடலூரிலும் புதுச்சேரியிலும் மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் நிற்கிறவர்களில் பலர் இப்படி வந்து சேர்ந்தவர்கள்தான். எல்லாவற்றையும் வக்கீல் கோர்ட்டில் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டு நிற்பார்கள். வக்கீல் பார்ப்பார்தான். ஆனால் அவர் எடுத்துப் பேசக் கையில் என்ன இருக்கும் என்பது முதல் சில நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிய இரண்டு வரி, எஃப்.ஐ.ஆரில் ஸ்டேஷன் ரைட்டர் போட்ட நேரம், ரிமாண்டுக்காக (காவலில் வைக்க) மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை ஆகியவைதான் வருஷங்கள் கழித்துக் குறுக்கு விசாரணையில் வழக்கை நிறுத்தும் அல்லது சாய்க்கும். அதனால் ஆரம்ப நாட்களுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால்

"ஒரு விசாரணை, சும்மா வந்துட்டுப் போங்க" என்று போன் வந்தால் முதலில் கேளுங்கள்: யார் கொடுத்த புகார், சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா, நம்பர் என்ன? சி.எஸ்.ஆர். என்பது புகாரை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி மட்டுமே. எஃப்.ஐ.ஆர். பதிவானால்தான் வழக்கு.

ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கைது தேவையில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3) பிரிவின்படி ஆஜராகச் சொல்லி எழுத்துமூலம் நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் சொன்ன தேதியில் போய்விடுங்கள். போகாமல் இருந்தால் அதையே காரணமாகக் காட்டிக் கைது செய்யலாம். தனியாகப் போகாதீர்கள். வக்கீலோ வீட்டுப் பெரியவரோ கூட இருக்கட்டும். போன நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். போலீஸ் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதே சட்டம்.

"கொஞ்ச நாள் தலைமறைவா இரு, சூடு ஆறட்டும்" என்று சொல்ல ஊரில் நாலு பேர் இருப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். ஒளிந்திருந்த ஒவ்வொரு நாளும் பெயில் மனுவில் உங்களுக்கு எதிராகப் பேசும். அதற்குப் பதில் முன்ஜாமீன் மனு போடலாம்.

2. எஃப்.ஐ.ஆரை வாங்கி வரிக்கு வரி படியுங்கள்

பாலியல் குற்றம் போன்ற வெளியிடக் கூடாத வழக்குகளைத் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே கிடைக்கவில்லை என்றால் கோர்ட்டில் நகல் மனு போட்டு வாங்கலாம்.

முதலில் சம்பவ தேதியைப் பாருங்கள். 2024 ஜூலை 1க்கு முன் நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம். அதற்குப் பிறகு நடந்தது என்றால் பி.என்.எஸ்., அதாவது பாரதிய நியாய சன்ஹிதா. அப்புறம் மூன்று நேரங்களைப் பாருங்கள்: சம்பவம் நடந்த நேரம், ஸ்டேஷனில் புகார் வந்த நேரம், எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்குப் போன நேரம். காலையில் நடந்த சண்டைக்கு மறுநாள் இரவு புகார் வந்திருந்தால், நடுவில் உட்கார்ந்து பேசி எழுதினார்களா என்ற கேள்விக்கு இடம் உண்டு. தாமதம் மட்டுமே வழக்கை உடைக்காது. ஆஸ்பத்திரியில் இருந்தோம் என்று காரணம் சொன்னால் கோர்ட் ஏற்கலாம். காரணமே சொல்லாத தாமதம்தான் உங்களுக்கு உதவும்.

தமிழ்நாட்டு அடிதடி எஃப்.ஐ.ஆர். பலவற்றில் பிரிவுகள் ஒரே வரிசையில் வரும்: 296(பி), 115(2), 118(1), 351(3). ஆபாசமாகத் திட்டினார், கையால் அடித்தார், ஆயுதத்தால் தாக்கினார், கொலை மிரட்டல் விடுத்தார் என்று பொருள். இதில் 115(2), சாதாரணக் காயம், ஒரு வருஷம் வரை தண்டனை, ஜாமீனில் விடக்கூடியது. 118(1) வந்துவிட்டால் மூன்று வருஷம் வரை. ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விட முடியாத குற்றம், கோர்ட்டில்தான் பெயில் கேட்க வேண்டும். ஒரு கட்டையோ கல்லோ வந்து சேர்வதில் ஸ்டேஷன் பெயிலா, ஜெயிலா என்பது மாறிவிடுகிறது. அதனால் அந்த ஆயுதம் எங்கிருந்து கைப்பற்றப்பட்டது, அதைக் கைப்பற்றியபோது எழுதிய மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) யார் சாட்சி, டாக்டரிடம் அதைச் சொன்னார்களா என்பதைத் துருவ வேண்டும். 117(2), கொடுங்காயம், ஏழு வருஷம் வரை. ஆயுதத்தால் கொடுங்காயம் என்றால் 118(2), அதில் ஆயுள் தண்டனை வரை உண்டு. 296(பி)யைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெறும் வசைச்சொல் ஆபாசக் குற்றம் ஆகாது என்று பழைய 294(பி) பிரிவை வைத்து 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

திருட்டுக்கு 303(2), மூன்று வருஷம் வரை. வீட்டுக்குள், வண்டியில், கோயிலில் திருடினால் 305, ஏழு வருஷம் வரை. வேலைக்காரர், குமாஸ்தா மீது 306, அதுவும் ஏழு வருஷம். செயின், செல்போன் பறிப்புக்கு 304 என்று புதுப் பிரிவு வந்திருக்கிறது. திருடும்போது அடித்தாலோ மிரட்டினாலோ அது 309, கொள்ளை; தண்டனை பத்து வருஷத்துக்குப் போய்விடும். திருடியதாகச் சொல்லும் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது, ஜாமீனும் உண்டு. முதல்முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. ஆகவே புகாரில் போட்டிருக்கும் மதிப்புக்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள். பழைய செல்போனுக்குப் புது விலை போட்டு 5,000ஐத் தாண்டவைப்பது எளிது.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கம் சண்டை நடந்தால் அது புதுச்சேரி. கொஞ்சம் தெற்கே வந்துவிட்டால் ரெட்டிச்சாவடி, தமிழ்நாடு. புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், அது ஜீரோ எஃப்.ஐ.ஆராகப் பதிவாகி உரிய இடத்துக்குப் போகும். விசாரணை மட்டும் சம்பவம் நடந்த எல்லைக்குட்பட்ட கோர்ட்டில்தான் நடக்கும். கடலூரில் குடியிருப்பவர் மீது கிருமாம்பாக்கம் ஸ்டேஷனில் வழக்கு என்றால் முன்ஜாமீன் மனுவைப் புதுச்சேரி அமர்வு நீதிமன்றத்தில் போட வேண்டும், அல்லது சென்னை உயர் நீதிமன்றத்தில். இரண்டு ஊருக்கும் அதே உயர் நீதிமன்றம்தான். சம்பவ இடம் எது என்று பார்வை மகஜரிலும் வரைபடத்திலும் தப்பாகப் போட்டிருந்தால் அதை ஆரம்பத்திலேயே குறித்து வையுங்கள்.

3. அடிபட்டிருந்தால் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். எதிர்த்தரப்பு முந்திக்கொண்டு கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் அட்மிட் ஆகிவிடும். உங்களுக்கும் உதடு கிழிந்திருக்கும், முதுகில் தடித்திருக்கும். "நம்ம மேலதான் கேஸ், நாம எதுக்குப் போகணும்" என்று வீட்டிலேயே மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவீர்கள். காயம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். அதோடு உங்கள் தற்காப்பு வாதத்துக்கான ஆதாரமும் போய்விடும்.

போனதும் பணி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் குறிப்பார். கோர்ட் பேச்சில் இதுதான் ஏ.ஆர். காப்பி. எத்தனை பேர் அடித்தார்கள், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எதனால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதுவார். நடந்ததை அப்படியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எல்லாக் காயத்தையும் காட்டுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள்.

இதே தாள் எதிர்த்தரப்பு விஷயத்தில் எப்படி உதவும் என்று ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். காயம்பட்டவர் இரவு எட்டு மணிக்கு டாக்டரிடம், "ஏழு மணிக்குத் தெரிந்த இரண்டு பேர் கையால் அடித்தார்கள்" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர், ஒருவர் கையில் கத்தி, ஒருவர் கையில் இரும்புக் கம்பி. ஏ1 தொடங்கி ஏ5 வரை போகும் அந்தப் பட்டியலில் மூன்றாவது ஆள் நீங்கள். டாக்டர் சாட்சி சொல்ல வரும்போது உங்கள் வக்கீல் அந்த ஏ.ஆர். காப்பியைக் காட்டி இரண்டே கேள்வி கேட்டால் போதும்: "காயம்பட்டவர் உங்களிடம் இரண்டு பேர் என்றுதானே சொன்னார்? ஆயுதம் எதையும் சொல்லவில்லைதானே?" டாக்டர் இரண்டு தரப்புக்கும் சொந்தக்காரர் இல்லை, தன் கையெழுத்தை மறுக்கவும் மாட்டார். இது ஒன்றே விடுதலை வாங்கித் தராது. ஆனால் ஊரில் உள்ள பகையாளி பெயரை எல்லாம் சேர்த்துவிட்டார்கள் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது.

கொடுங்காயம் என்று போட்டிருந்தால் காயச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். எலும்பு முறிவு, பல் விழுந்தது, முகம் நிரந்தரமாகச் சிதைந்தது, 15 நாள் கடும் வலி அல்லது வழக்கமான வேலை செய்ய முடியாமை என்று 116வது பிரிவு வரையறுத்திருக்கிறது. எலும்பு முறிவு என்றால் எக்ஸ்ரே படம் எங்கே, அதைப் பார்த்துக் கருத்துச் சொன்ன டாக்டர் யார்? படமே கோர்ட்டுக்கு வரவில்லை என்றால் 117(2) தளர்ந்து 115(2)க்கு இறங்க வாய்ப்பு உண்டு.

காயம் ஆனதும் நீங்களும் புகார் கொடுங்கள். இரண்டு தரப்புக்கும் அடி என்றால் வழக்கும் எதிர்வழக்கும் சேர்ந்தே விசாரிக்கப்பட வேண்டும். இரண்டையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்துக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் உடம்பில் இருந்த காயத்தை அரசுத் தரப்பு விளக்காமல் விட்டால் அவர்கள் சம்பவத்தின் ஒரு பகுதியை மறைக்கிறார்கள் என்று முடிவுசெய்யலாம் என்பதும் 1976 முதல் நிலைத்த சட்டம். ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்புறமும் நடக்கவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 175(3) பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

பக்கத்துக் கடை சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களில் தானாக அழிந்து மேலெழுதப்படும். கடைக்காரரிடம் உடனே பேசுங்கள், போலீசிடம் எழுதிக் கொடுத்து அதைக் கைப்பற்றச் சொல்லுங்கள். நீங்கள் அந்த இடத்திலேயே இல்லை என்றால் பஸ் டிக்கெட், வேலை செய்யும் இடத்து வருகைப் பதிவு, பெட்ரோல் பங்க்கில் ஜிபே செய்த ரசீது எல்லாவற்றையும் அன்றைக்கே எடுத்து வையுங்கள். அங்கே இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

4. கைது, ரிமாண்ட்: அந்த 24 மணி நேரம்

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, வீட்டு ஆளோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குத் தகவல் தர வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உங்களுக்கு உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் விடிவதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது, விதிவிலக்கு என்றால் மாஜிஸ்திரேட் முன் அனுமதி வேண்டும். மூன்று வருஷத்துக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்தில் 60 வயது தாண்டியவரையும் உடல் தளர்ந்தவரையும் கைது செய்ய டி.எஸ்.பி. அனுமதி தேவை. 18 வயது நிறையாத பையன் என்றால் அவனை லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கவே கூடாது, இளைஞர் நீதி வாரியத்துக்குத்தான் போக வேண்டும். பள்ளிச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஆளைக் கூட்டிப்போய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாத நிலைமை திருட்டுப் புகாரில்தான் அதிகம் வருகிறது. அதன் ஆபத்தை நம் மாவட்டம் நேரில் பார்த்திருக்கிறது. 1993இல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தில் நகைத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட குறவர் சமூகத் தொழிலாளி ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். அவர் மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனுவால்தான் உண்மை வெளியே வந்தது, போலீஸ்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஆகவே 24 மணி நேரம் தாண்டியும் ஆளைக் காணோம் என்றால் காத்திருக்காதீர்கள். எஸ்.பி. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், இலவச சட்ட உதவி எண் 15100ஐக் கூப்பிடுங்கள், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவுக்கு வக்கீலைப் பாருங்கள். ஸ்டேஷன்களில் சி.சி.டி.வி. இருக்க வேண்டும், பதிவைப் பல மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவைக் கேட்டு மனு போடலாம்.

ரிமாண்டுக்கு முன் மருத்துவப் பரிசோதனை நடக்கும். அப்புறம் மாஜிஸ்திரேட் கேட்பார்: "போலீஸ் மேல புகார் ஏதாவது இருக்கா? அடிச்சாங்களா?" பக்கத்தில் கூட்டிவந்த போலீஸ்காரரே நிற்பார். அடித்திருந்தால், அங்கேயே, அப்போதே சொல்லுங்கள். காயத்தைக் காட்டுங்கள். மாஜிஸ்திரேட் அதைப் பதிவு செய்ய வேண்டும், மறுபரிசோதனைக்கும் அனுப்பலாம். "இல்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் கழித்துச் சொன்னால் நம்பவைப்பது கஷ்டம். வக்கீல் இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான்.

சாட்சிக்கு உங்களை முன்பின் தெரியாது என்றால் அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டும். அதற்கு முன் உங்கள் போட்டோ வாட்ஸ்அப்பிலும் பேப்பரிலும் வந்துவிட்டால் அணிவகுப்புக்கு மதிப்பு இல்லை. அப்படி வந்திருந்தால் அந்தப் பேப்பர் கட்டிங்கை வீட்டில் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

5. பெயில்

ஜாமீனில் விடக்கூடிய பிரிவு என்றால் ஸ்டேஷனிலேயே விட வேண்டும், அது உங்கள் உரிமை. மற்றவற்றுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட், அங்கே தள்ளுபடி ஆனால் அமர்வு நீதிமன்றம், அப்புறம் சென்னை உயர் நீதிமன்றம்.

அடிதடியில் பெயில் மனு வந்ததும் கோர்ட் கேட்கும் முதல் கேள்வி, "காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா?" ஆகிவிட்டார் என்றால் பாதி எதிர்ப்பு குறைந்துவிடும். அவர் இன்னும் ஐ.சி.யு.வில் இருக்கும்போது அவசரப்பட்டு மனு போட்டுத் தள்ளுபடி வாங்குவதைவிட இரண்டு நாள் பொறுப்பது நல்லது. திருட்டில் கேட்பது வேறு: முன்வழக்கு உண்டா, பொருள் மீட்கப்பட்டதா? முன்வழக்கு இருந்து விடுதலையானது என்றால் தீர்ப்பு நகலை மனுவோடு வையுங்கள், இல்லாவிட்டால் "முன்வழக்கு 1" என்று மட்டும் போலீஸ் சொல்லிவிட்டுப் போய்விடும்.

பெரும்பாலும் இரண்டு ஜாமீன்தாரர்கள் கேட்பார்கள். ஆதார், ரேஷன் கார்டு, சொத்து வரி ரசீது தயாராக இருக்கட்டும். பெயில் உத்தரவு வந்தும் ஆள் இல்லாமல் கேப்பர் மலை மத்திய சிறையிலும் காலாப்பட்டு சிறையிலும் நாட்கள் ஓடுவது தேவையில்லாத வேதனை. ஸ்டேஷனில் தினமும் கையெழுத்துப் போடச் சொன்னால் ஒரு நாளும் தவறாதீர்கள். காய்ச்சல் என்றால்கூட மருத்துவச் சீட்டோடு வக்கீலிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

குற்றப்பத்திரிகை 60 நாளுக்குள் வரவில்லை என்றால் கட்டாய பெயில் உண்டு. ஆயுள் தண்டனை வரை போகும் 118(2) போன்ற பிரிவுகளில் 90 நாள். நாள் கணக்கை ரிமாண்ட் தேதியிலிருந்து வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். கெடு முடிந்ததும், குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் மனு போட்டாக வேண்டும். வந்த பிறகு கேட்டால் அந்த உரிமை போய்விடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு சேர்ந்திருந்தால் முன்ஜாமீன் பொதுவாகக் கிடைக்காது, அதைத் தெரிந்துகொண்டு வக்கீலோடு வேறு வழி பேசுங்கள்.

6. அடிதடி வழக்கில் எதிர்வாதம்

பி.என்.எஸ். 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமை. உங்கள் உடலை, அடுத்தவர் உடலை, உங்கள் சொத்தைக் காக்க அடிக்கலாம். தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது, போலீசைக் கூப்பிட அவகாசம் இருந்தும் கூப்பிடாமல் கை ஓங்கக் கூடாது. கத்தியோடு வந்தவன் கையில் கட்டையால் அடித்தது தற்காப்பு. அவன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடும்போது துரத்திப்போய் அடித்தால் அது தற்காப்பில் சேராது. இந்த வாதத்துக்கு நீங்கள் கூண்டில் ஏற வேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் சாட்சிகளின் வாயிலிருந்தே யார் முதலில் வந்தார்கள், யார் வீட்டு வாசலில் சண்டை நடந்தது என்று வரவைத்தால் போதும். இங்கேதான் உங்கள் ஏ.ஆர். காப்பி வேலை செய்யும்.

"அடிக்கவே இல்லை" என்றும் "தற்காப்புக்காக அடித்தேன்" என்றும் இரண்டையும் சேர்த்துச் சொல்லாதீர்கள். எது உண்மையோ அதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவரிடம் சொன்னது வெளியே போகாது.

7. திருட்டு வழக்கில் எதிர்வாதம்

திருட்டுக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். அடுத்தவர் வசம் இருந்த அசையும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், அந்த எண்ணத்தோடு நகர்த்த வேண்டும். தேவனாம்பட்டினத்தில் இரண்டு பேர் பங்குபோட்டு வாங்கிய வலையை, தனக்குச் சேரவேண்டியது என்று உண்மையாகவே நம்பி ஒருவர் எடுத்துப்போனால் அது சிவில் தகராறு. பங்குப் பணம் கொடுத்த கணக்கு நோட்டு, வங்கிப் பரிமாற்றம் இருந்தால் காட்டுங்கள். ஆனால் கடன் வாங்கியவன் திருப்பித் தரவில்லை என்று அவன் பைக்கைத் தூக்கிவந்து நிறுத்திவைத்தால் பெரும்பாலும் அது திருட்டில்தான் போய் முடியும். "என் காசுக்குத்தானே எடுத்தேன்" என்பது செல்லாது.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 23வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதைத் தொடர்ந்து பொருள் எடுக்கப்பட்டால், அந்த இடத்தைக் காட்டிய பகுதி மட்டும் உள்ளே வரும். அதனால் வழக்கின் உயிர் கைப்பற்றல் மகஜரில் இருக்கிறது. மகஜர் சாட்சி யார், உள்ளூர்க்காரரா, வேறு வழக்கிலும் இவரே சாட்சியா? நகையில் தனி அடையாளம் ஏதாவது புகாரிலேயே சொல்லப்பட்டதா, இல்லை கைப்பற்றிய பிறகு சேர்த்தார்களா? எடுத்த இடம் எல்லோரும் வந்துபோகும் இடமா, உங்கள் பூட்டுக்குள் இருந்த இடமா? புதுச் சட்டத்தில் தேடுதலையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105வது பிரிவு சொல்கிறது. வீடியோ எங்கே என்று கேளுங்கள்.

திருட்டு நடந்து கொஞ்ச நாளில் பொருள் உங்களிடம் இருந்தால், நீங்கள் திருடியதாகவோ தெரிந்தே வாங்கியதாகவோ கோர்ட் அனுமானிக்கலாம். விளக்கம் இருந்தால் உடனே சொல்ல வேண்டும். பழைய செல்போன் வாங்கினால் பில், விற்றவர் அடையாள அட்டை நகல், பணம் அனுப்பிய ஆதாரம் வேண்டும் என்பது இதற்காகத்தான். கையில் காசு கொடுத்து, சந்தை விலையில் பாதிக்கு வாங்கினேன் என்றால் 317(2) உங்களை விடாது.

8. குற்றப்பத்திரிகை வந்த பிறகு

ஆஜரான 14 நாளுக்குள் எல்லா ஆவண நகலும் இலவசமாகத் தர வேண்டும். சாட்சிகளின் போலீஸ் வாக்குமூலத்தை ஒன்றுக்கொன்று வைத்துப் படியுங்கள். வார்த்தை மாறாமல் எல்லோரும் ஒரே மாதிரி பேசியிருந்தால் குறித்து வையுங்கள். உங்களுக்கு எதிராக எதுவுமே இல்லை என்றால் மாஜிஸ்திரேட் வழக்கில் 60 நாளுக்குள் விடுவிப்பு மனு போடலாம். இ-கோர்ட்ஸ் ஆப்பில் வழக்குக்குக் கொடுத்த சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் வாய்தா தேதி தெரியும். ஒரு வாய்தா தவறினால் பிடிவாரண்ட் வரும். வந்துவிட்டால் ஓடாமல் வக்கீலோடு போய், வாரண்டைத் திரும்பப் பெறச் சொல்லி ரீகால் மனு போடுங்கள்.

சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி உங்களிடம் கேள்வி கேட்பார். "பொய் சாட்சி, பொய் வழக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. சாட்சிகள் பேசி முடித்த பிறகு கோர்ட் உங்கள் தரப்பை உங்கள் வாயாலேயே கேட்கும் நேரம் அது. எழுத்துமூலமும் பதில் கொடுக்கலாம். வக்கீலோடு உட்கார்ந்து தயார் செய்யுங்கள்.

9. சமரசம்

115(2) சாதாரணக் காயத்தில் காயம்பட்டவரும், 303(2) திருட்டில் பொருளுக்குரியவரும் சமரசம் செய்துகொள்ளலாம். 117(2)க்குக் கோர்ட் அனுமதி வேண்டும். சமரசம் பதிவானால் அது விடுதலைக்குச் சமம். 118(1) இந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு இரு தரப்பும் சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528வது பிரிவில் ரத்து மனு போட வேண்டும். ஸ்டேஷனிலோ மீனவப் பஞ்சாயத்திலோ பேசிப் பணம் கொடுத்ததால் எஃப்.ஐ.ஆர். தானாக மூடாது. அபராதம் கட்டிய சீட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்புக்குப் பயன்படவும் கூடும். பேசி முடித்தால் கோர்ட்டிலோ மக்கள் நீதிமன்றத்திலோ பதிவு செய்யுங்கள்.

10. பாஸ்போர்ட், வேலை, மேல்முறையீடு

சிங்கப்பூர், வளைகுடா என்று போகிற பையன்களுக்கு இது முக்கியம். கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கலாம். ஆனால் அந்தக் கோர்ட்டிலேயே மனு போட்டு அனுமதி வாங்கினால் குறிப்பிட்ட காலத்துக்குத் தருவார்கள். அரசு வேலை விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதீர்கள். மறைத்ததே வேலையைப் பறிக்கும். தமிழ்நாடு போலீஸ் தேர்வில் சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனதைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டதாகவே பார்ப்பார்கள். அதனால் இள வயதுக்காரர் வழக்கில் எந்தக் காரணத்தால் விடுதலை என்று தீர்ப்பில் எழுதப்படுவதும் கவனிக்க வேண்டியது.

தண்டனை வந்துவிட்டால், முதல்முறை என்றால் 1958ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் ஜெயில் இல்லாமல் விடும்படி கேட்கலாம். 21 வயதுக்குக் கீழ் என்றால் கோர்ட் அதை அவசியம் பரிசீலிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு எதிராக 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு. நீங்கள் ஏற்கெனவே பெயிலில் இருந்து, தண்டனை மூன்று வருஷத்துக்குள் என்றால் அதே மாஜிஸ்திரேட்டே மேல்முறையீட்டுக்காகத் தண்டனையை நிறுத்திவைத்து வீட்டுக்கு அனுப்பலாம். அதற்கான மனுவும் ஜாமீன்தாரர்களும் தீர்ப்பு நாளன்று காலையிலேயே கோர்ட்டில் தயாராக இருக்க வேண்டும். சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.